வாத்துத்தலைக் குடை

காலையில் வந்ததும் வராததுமாக மாப்பிள்ளை துப்பியிருந்த காகிதத்தை லேபிள் சார் மூன்றாவது தடவையாகப் படித்தார். மூன்று தடவையும் அதில் அவருடைய வீட்டு முகவரிதான் இருந்தது.

'பொருள்: குடை. நிறம்: கறுப்பு. கைப்பிடி: வாத்துத்தலை. நிலை: தவறான நபரிடம் ஒப்படைக்கப்பட்டது. நடவடிக்கை: பதினைந்து நாட்களுக்குள் மீட்டு, உடையவரிடம் சேர்க்கவும்.'

யாரிடமிருந்து மீட்பது என்ற இடத்தில் அவர் மனைவியின் பெயர். ஒப்படைத்த ஊழியர் என்ற இடத்தில் அவர் பெயர். குடை கொடுக்கப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது என்று ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு வேறு.

லேபிள் சார் காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

பயணிகள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை வாங்கி வைத்து, தேடி வருகிறவர்களிடம் ஒப்படைக்கிற கிழக்கு டிப்போ அலுவலகம் அது. எந்தச் சாமான் உள்ளே வந்தாலும், அது மேஜையைத் தொடுவதற்குள் ஒரு அட்டையைக் கட்டித் தேதி, பஸ் நம்பர், அடையாளம் எல்லாம் முத்து முத்தாக எழுதிவிடுவார். அதனால் லேபிள் சார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை உண்டு. 'தவறான ஒப்படைப்பு இல்லாத நாட்கள்: 9,812' என்று அதில் எழுதியிருக்கும். தினமும் காலையில் அதில் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். அன்றைக்குச் சாக்பீஸை எடுத்தவர், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை யார் என்று சொல்லியாக வேண்டும். அது ஒரு மெஷின். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலாளர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு 'ஆன்டாலஜி' என்று ஒரு வார்த்தையோடு திரும்பி வந்தார். யார் வாயிலும் அது நுழையவில்லை. கடைசியில் எல்லாரும் 'மரம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எது எதன் வகை, எது எதன் பகுதி, எதற்கு இன்னொரு பெயர் என்ன என்பதையெல்லாம் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நாலு டிப்போக்காரர்களும் சேர்ந்து அந்த மரத்தில் எழுத வேண்டும். மெஷின் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, போனில் யாராவது "சோறு கொண்டு போற சின்ன வாளி மாதிரி ஒண்ணு" என்று இழுத்தால், சாப்பாட்டு டப்பாவைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும். எந்த டிப்போவில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடும்.

நல்ல மெஷின்தான். ஆனால் அது கேட்டதையெல்லாம் கேட்ட நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், அது செய்கிற தப்பை யாரும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. அதனால் மாப்பிள்ளை.

மரத்தில் ஒரு டிப்போ ஒரு வரி எழுதினால், இன்னொரு டிப்போ சம்மதம் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் அந்த வரி செல்லும். மேற்கு டிப்போவில் ஒருவர் இருந்தார். வரி வந்த நிமிஷமே, படிக்காமலே, சம்மதம் போட்டுவிடுவார். அவருக்குப் பெயரே 'சம்மதம் சார்' என்று ஆகிவிட்டது. தெற்கு டிப்போக்காரர்களுக்கு எழுதாவிட்டால் கை ஊறும். ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதுவார்கள். வடக்கு டிப்போ மேடம் மட்டும் எல்லாவற்றையும் முழுக்கப் படிப்பார். லேபிள் சாருக்குத் தலைவலி என்று ஒன்று வந்தால் அது அநேகமாக வடக்கிலிருந்துதான் வரும்.

ஆரம்பத்திலேயே அந்த அம்மாள் ஒரு வரி எழுதினார்: 'உடையவர் வேறு, தொலைத்தவர் வேறு, இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.'

லேபிள் சாருக்குச் சிரிப்பு வந்தது. போனை எடுத்தார்.

"தொலைச்சவர்தானே மேடம் சொந்தக்காரர்? இதுல ரெண்டு எங்கேருந்து வந்தது?"

"எப்பவும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்லையே சார்."

"அடுத்தவங்க பொருளை வாங்கிட்டுப் போய்த் தொலைக்கறதுக்குன்னு யாராவது பஸ் ஏறுவாங்களா மேடம்?"

மற்ற இரண்டு டிப்போவும் சிரித்துவிட்டு லேபிள் சார் பக்கம் சேர்ந்துகொண்டன. அந்த வரி கிளையோடு வெட்டப்பட்டது. இருபத்தைந்து வருஷ அனுபவம் ஜெயித்துவிட்ட திருப்தியில் அன்று அவர் இரண்டு டீ குடித்தார்.

இப்போது குடை எப்படி மாட்டியது என்றால், அதிலும் அவர் கைதான் இருந்தது. போன வாரம் பழைய பதிவேடுகளையெல்லாம் மாப்பிள்ளைக்குள் ஏற்றினார்கள். அதே வாரம் தெற்கு டிப்போ ஏதோ ஒரு பொம்மைக்காக 'வாத்து ஒரு பறவை' என்று எழுதியது. உலகத்தில் யார்தான் அதை மறுப்பார்கள்? சம்மதம் கொடுத்தது லேபிள் சார். மாப்பிள்ளை உடனே இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டில் இருந்த 'வாத்துத்தலைக் குடை'யையும், அந்தக் காலத்திலேயே அதே பதிவேட்டில் ஒரு பெண்மணி எழுதிக் கொடுத்திருந்த 'பறவைத்தலை வைத்த என் குடையைக் காணவில்லை' என்ற புகாரையும் சேர்த்துப் பார்த்தது. அவ்வளவு காலம் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் ஒன்றையொன்று தெரியாமல் படுத்திருந்தன.

அந்தக் குடை அவருடைய வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்குகிறது. மழைக்குக்கூட அதை யாரும் எடுப்பதில்லை. அவர் அன்றைக்குக் கட்டிய அட்டை இன்னும் கைப்பிடியிலேயே இருக்கிறது. மை மங்கிவிட்டது, நூல் பழுத்துவிட்டது.

அப்போது அவருக்கு வேலையில் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கம்பி வைத்த ஜன்னல், நூலில் கட்டிய பென்சில், பெரிய பதிவேடு. இரண்டு தெரு தள்ளியிருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். பத்து நாள் கழித்து நூலகப் புத்தகம். அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கூடு. அப்புறம் ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பைப் பஸ்ஸில் விட்டுவிட்டு ஒருத்தி வீடு வரைக்கும் எப்படி நடந்து போவாள் என்று அவர் கேட்கவில்லை; அட்டையை அவிழ்த்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அடுத்தது கைக்கடிகாரம். ஆறாவதாக அவள் குடைக்கு வந்து நின்றபோதுதான், அவருக்கே தெரியாமல், அவர் வாயிலிருந்து அது வந்தது.

"உங்களுக்கு இருக்கற மறதிக்கு, கூடவே ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும் போலிருக்கே."

"பார்த்துக்கங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான் கல்யாணப் பேச்சு. நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சூடாகும். அன்றிலிருந்து அவளுடைய மறதிக்கு அவர்தான் காவல். வீட்டில் சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று லேபிள், உப்பில் 'உப்பு' என்று லேபிள், சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழே 'சாவி' என்று லேபிள். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தார்கள்.

இப்போது மாப்பிள்ளை சொல்வது சரியென்றால், இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அவர் பொருளை ஆள் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது அவள் தன்னுடையது இல்லாத குடையைத் தன்னுடையது என்று பொய் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். முதலாவது அவர் வேலைக்குக் கேடு. இரண்டாவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டைப் பையைத் தடவினார். மனைவி அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"கண்ணாடி குளியலறை ஜன்னல்ல இருக்கு. பல் டாக்டர் வியாழக்கிழமை நாலரைக்கு. உங்க தங்கச்சி போன மாசம் ஒம்பதாம் தேதி கேட்ட போட்டோவை இன்னும் அனுப்பல நீங்க."

"அது இருக்கட்டும். கதவுக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் குடை."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அதுக்கென்ன?"

"அது உன்னோடதுதானே?"

"இப்போ எதுக்கு அது?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு? மறந்து போச்சு."

பாவம், அவளுக்குத்தான் மறதியாயிற்றே என்று அவர் நினைத்துக்கொண்டார். இனி ஆக வேண்டியதைத் தான் ஒருவனே பார்த்துக்கொள்வது என்றும் முடிவு செய்தார். பிரச்சினை மரத்தில் முளைத்தது. மரத்திலேயே கிள்ளிவிட்டால் போகிறது.

மறுநாள் காலையில் மரத்தில் ஒரு வரி எழுதினார்: 'கைப்பிடியில் மிருகத்தலையோ பறவைத்தலையோ இருந்தால் அது கைத்தடி வகை.' வாத்துத்தலைக் குடை கைத்தடி ஆகிவிட்டால், குடையைத் தேடுகிற புகாரோடு அது ஒட்டாது.

ஐந்து நிமிஷத்தில் வடக்கு டிப்போ மேடம் கூப்பிட்டார்.

"சார், எங்க டிப்போலயே நாய்த்தலை வெச்ச குடை ரெண்டு இருக்கு. அதுவும் கைத்தடியா?"

"அது குடை மாதிரி இருக்கற கைத்தடி மேடம்."

"விரியுதே சார்."

"விரிஞ்சா என்ன மேடம்? ஊணலாமா, கூடாதா? ஊணலாம். ஊணினா கைத்தடிதான்."

மேடம் யோசித்துப் பதில் சொல்வதற்குள் மேற்கிலிருந்து சம்மதம் வந்து விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் பட்டியலில் இருந்து குடை காணாமல் போனது. லேபிள் சார் போய்க் கரும்பலகையில் 9,813 என்று எழுதினார்.

இரண்டாம் நாள் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, கவுண்டருக்கு வந்தார். கையில் நாய்த்தலைக் குடை.

"நான் தொலைச்சது சிங்கத்தலை வெச்ச கைத்தடி. உங்க மெஷின் சொல்லி வடக்கு டிப்போல இதைக் குடுத்தாங்க. நானும் அவசரத்துல ஊணிட்டுப் போயிட்டேன்."

"ஊண முடியுதில்ல சார்?"

"ஊண முடியுது. ஆனா ஊணினா விரியுது. நேத்து பஸ்ல ஏறும்போது ஊணினேன். கண்டக்டர் முகத்துல போய் விரிஞ்சுடுச்சு. முன்சீட்டுல இருந்த அம்மா எழுந்து பின்னாடி போயிட்டாங்க. அடுத்த ஸ்டாப்புல என்னை இறக்கி விட்டாங்க."

அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். குடையைத் தொலைத்தவர்களுக்குக் கைத்தடி போயிருந்தது. அதில் ஒருவர் கோபமே படவில்லை. கைத்தடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

கைத்தடியைக் குடையிடமிருந்து பிரித்துவிட்டால் சரியாகும் என்று லேபிள் சாருக்குத் தோன்றியது. உடனே எழுதினார்: 'கைத்தடி என்பது நடக்க உதவும் சாதனம்.' இதில் என்ன தப்பு இருக்க முடியும்? சம்மதம் சார் சம்மதித்தார். ஆனால் 'நடக்க உதவும் சாதனம் மருத்துவப் பொருள்' என்று தெற்கு டிப்போக்காரர்கள் போன வருஷமே எழுதி வைத்திருந்தார்கள். மருத்துவப் பொருளை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது மாப்பிள்ளைக்கு மனப்பாடம். மிருகத்தலைக் குடைகள் இன்னும் கைத்தடியாகத்தான் இருந்தன. மாப்பிள்ளையோ இப்போது சாதாரணக் குடையையும் விட்டுவைக்கவில்லை, ஊன்ற முடிகிறதே என்று அதையும் சேர்த்துக்கொண்டது.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

நனைந்த சட்டையோடு வரிசையில் நின்றவர்களிடம் லேபிள் சார் டாக்டர் சீட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. மெஷின் பச்சை விளக்குக் காட்டாமல் அலமாரி திறக்காது. திட்டினார்கள். ஒரு பாங்க் அதிகாரி மட்டும் விறுவிறுவென்று போய், அரை மணியில் சீட்டோடு திரும்பி வந்தார். டாக்டர் எழுதியிருந்தார்: 'இவருக்கு மழையில் நின்றால் நனையும் தன்மை பல வருடங்களாக இருந்து வருகிறது.' மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டுப் பச்சை விளக்குப் போட்டது.

வடக்கு டிப்போ மேடம் கூப்பிட்டார்.

"சார், குடையில கை வைக்கிறது யாருன்னு பார்த்துட்டு இருக்கேன்."

"தெற்கு டிப்போவா இருக்கும் மேடம். அவங்களுக்குத்தான் கை சும்மா இருக்காது."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே நாக்கு கூசியது. இருபத்தேழு வருஷத்தில் அடுத்தவர் தலையில் எதையும் கட்டியதில்லை.

பதற்றத்தில்தான் மூன்றாவது வரியை எழுதினார். குடையை ஊன்றுகிற கூட்டத்திலிருந்தே வெளியே எடுத்துவிட வேண்டும். குடையின் நிஜமான வேலை என்ன? தலைக்கு மேல் மறைப்பது. 'குடை என்பது கூரை வகை' என்று எழுதினார். எழுதி முடித்ததும் நிம்மதியாகப் பெருமூச்சுகூட விட்டார். மேற்கிலிருந்து சம்மதம் வந்தது.

கூரை கட்டடத்தின் பகுதி. கட்டடம் அசையாச் சொத்து. இரண்டையும் எப்போதோ யாரோ எழுதி வைத்திருந்தார்கள். இரண்டும் நியாயமான வரிகள்தான். மறுநாள் காலையிலிருந்து குடையைக் கேட்டுப் போன் செய்த ஒவ்வொருவரிடமும் மாப்பிள்ளை தேன் சொட்டும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தது: "உங்கள் சொத்து இருக்கும் இடத்தை அறிந்துள்ளோம். அதை இடம் பெயர்க்க இயலாது. பத்திரத்துடன் நேரில் வந்து குடியேறலாம்."

மத்தியானத்துக்குள் மேலாளர் நாலு டிப்போவையும் கூட்டிவிட்டார்.

நீளமான மேஜை. சம்மதம் சார் வரும்போதே தலையாட்டிக்கொண்டு வந்தார். வடக்கு டிப்போ மேடம் ஒரு காகிதத்தை மேஜை நடுவில் வைத்தார். மரத்தில் யார், எப்போது, எந்த வரியை எழுதினாலும் அவர்கள் பெயர் அதில் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். லேபிள் சாருக்கும் தெரியும். பொருளுக்கெல்லாம் லேபிள் கட்டிய மனுஷர், தன் வாலில் லேபிள் கட்டியிருப்பதை மறந்துவிட்டிருந்தார்.

"மூணு வரியும் கிழக்கு டிப்போ" என்றார் மேடம். "சார், நீங்க இப்படிக் கன்னாபின்னான்னு எழுதற ஆள் இல்லையே. என்ன ஆச்சு?"

அவர் எட்டாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மேலாளர் வாங்கிப் படித்தார். அப்புறம் மேடம் படித்தார். சம்மதம் சார்கூடப் படித்தார். வேலையில் அவர் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

"எங்க கல்யாணமே அந்தக் குடையாலதான் மேடம்" என்றார் லேபிள் சார். "அது தப்பான ஆள்கிட்டப் போச்சுன்னு ஒரு மெஷின் சொல்லுது. எனக்குத் தாங்கல. வேற ஒண்ணும் இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பலகையைப் பத்திக் கவலைப்படாதீங்க. கொடுத்த அன்னிக்குப் பூஜ்யம் ஆகுது, மறுநாள் ஒண்ணு ஆகுது. கணக்குப் போட்டா இன்னிக்கும் ஒம்பதாயிரத்து நானூத்துச் சொச்சம் வரும். அதுவும் நல்ல நம்பர்தான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். லேபிள் சார் காகிதத்தைத் திரும்பவும் எட்டாக மடித்தார்.

"ஆனா குடையை உரியவங்ககிட்டக் கொடுத்தாகணும். மாப்பிள்ளை முதல் நாளே அவங்களுக்குப் போன் பண்ண ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டாங்க."

மூன்று வரிகளையும் மரத்திலிருந்து எடுத்தார்கள். கலைந்து போகும்போது வடக்கு டிப்போ மேடம் அவர் பக்கத்தில் வந்தார். "நாளைக்கு நானும் வரேன் சார். துணைக்கு" என்றார்.

சாயங்காலம் அவர் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்து குடையை எடுத்தார். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிச் சுவர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். இந்த முறை அவர் எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை, மரம், கைத்தடி, டாக்டர் சீட்டு, கூரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் நடுவில் ஒரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா அழுகையை அடக்கினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"புகார் குடுத்தவங்க யாருன்னு போட்டிருக்கு?"

அவர் காகிதத்தைக் காட்டினார். உடையவர் என்ற இடத்தில் இருந்த பெயரை அவள் பார்த்தாள்.

"குடுத்துடுங்க. அவங்களோடதுதான்."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"அட்டையை மட்டும் அவுத்து எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியென்றால் அவள் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறாள். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு "என்னோடதுதாங்க" என்று சொன்னது பொய். ஆனாலும் அவருக்குக் கோபம் வரவில்லை. வாத்தின் மூக்கை வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்து வைத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பெண்மணி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நிமிர்ந்த நடை, கணீரென்ற குரல். வந்ததும் கவுண்டரில் கைப்பையை வைத்தார்.

"இங்க மாப்பிள்ளைன்னு யாரோ இருக்காராமே. அவரை முதல்ல போன் பண்றதை நிறுத்தச் சொல்லுங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நேத்து என் குடை அசையாச் சொத்தாம், குடியேறலாமாம்."

"மன்னிச்சுக்கங்கம்மா. அதெல்லாம் சரி பண்ணியாச்சு" என்றார் லேபிள் சார். மேஜைக்குக் கீழிருந்து குடையை எடுத்து மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். "இதுதானே?"

பெண்மணி வாத்துத்தலையைப் பார்த்தார். அவர் முகம் சட்டென்று இளகிவிட்டது.

"அட, இன்னும் இருக்கா இது. எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது."

"தப்பு என்னோடதும்மா. இருபத்தாறு வருஷம் முன்னாடி ஆள் மாத்திக் குடுத்துட்டேன்." இதைச் சொல்வது என்று காலையிலேயே முடிவு பண்ணி வைத்திருந்தார். பலகை பூஜ்யமானாலும் ஆகட்டும், அவள் பெயர் இதில் வரக்கூடாது. "படிவத்துல ரெண்டு கேள்வி இருக்கு, அதை மட்டும் பூர்த்தி பண்ணிடலாம். நீங்க இதை எந்த பஸ்ல தொலைச்சீங்க?"

"நான் எங்க தொலைச்சேன்?"

லேபிள் சார் பேனாவை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த வடக்கு டிப்போ மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்கதானேம்மா புகார் எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். குடை என்னோடது, எழுதினேன். தொலைச்சது வேற ஆள். எங்க எக்ஸ்சேஞ்சுல எனக்குப் பக்கத்து சீட்டு. பதினாலாம் நம்பர் பஸ்ல விட்டுட்டேன் அக்கான்னு வந்து நின்னா. நானும் அதை நம்பி இங்க வந்து எழுதிக் குடுத்தேன். அப்புறம் கல்யாணத்தன்னிக்குப் பார்த்தா, அவ பெட்டிக்குப் பக்கத்துல அட்டை கட்டி நிக்குது குடை. கேட்டதும் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. சரி, கல்யாணப் பரிசா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அடுத்த மாசமே எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துடுச்சு. இப்போதான் பழைய வீட்டுக்கே திரும்பி வந்திருக்கேன்." பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க மாப்பிள்ளைதானே?"

"இல்லம்மா, மாப்பிள்ளை அந்த மெஷின்."

"அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை நீங்கதானேன்னு கேக்கறேன் தம்பி. மூணாவது வரிசையில உக்காந்து பார்த்தேன்."

லேபிள் சார் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான்தாம்மா. ஆனா அவ மேல தப்பா எடுத்துக்காதீங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. அவளுக்கு அப்பவே மறதி ஜாஸ்தி. அந்த ரெண்டு மாசத்துல மட்டும் ஆறு சாமான் தொலைச்சா. இன்னிக்கும் நான்தான் வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் லேபிள் ஒட்டி வெக்கிறேன்."

பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குடையின் கைப்பிடியில் தொங்கிய மங்கிய அட்டையைத் தடவிப் பார்த்தார். குடையை எடுத்துக்கொள்ளாமல், அவர் பக்கமாகவே தள்ளி வைத்தார்.

"மறதியா, அவளுக்கா? எக்ஸ்சேஞ்சுல நானூறு நம்பரையும் மனப்பாடமா வெச்சிருந்தவ தம்பி அவ. டப்பா, புத்தகம், கண்ணாடிக் கூடு, செருப்பு, வாட்சுன்னு தன்னோடது அஞ்சையும் தொலைச்சுப் பார்த்தும் நீங்க லேபிளை அவுத்துக் குடுத்தீங்களே தவிர வாயைத் திறக்கலைன்னு, ஆறாவதாத் தொலைக்கக் கையில ஒண்ணும் மிச்சமில்லாம என் குடையை இரவல் வாங்கிட்டுப் போனா."